கரண்ட் கட் மேல் பழி போட்டே மூன்று மாதம் போனது

அக்காவின் சிப்பிக் காளான் கொட்டகையில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருக்கிறோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து எழுதிக்கொண்டே இருக்கும். எஸ்டி கார்டு தேய்ந்துவிடக் கூடாதென்று அந்தக் கணக்கை மட்டும் 64 ஜிபி பென்டிரைவுக்கு மாற்றினேன். ஒரு ஞாயிறு மதியத்தில் வேலை முடிந்தது.

அடுத்த வாரம் கரண்ட் போய் வந்தது. பை எழவில்லை. நான் இருப்பது கோவையில், கொட்டகைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், பென்டிரைவ் மவுன்ட் ஆகாமல், அதாவது இணையாமல், பழுது பார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் பை நிற்கிறது. எழும்போது எந்தெந்த டிரைவை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், பென்டிரைவுக்கான வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால், பென்டிரைவ் இல்லாமலாவது எழுந்திருக்கும், வீட்டிலிருந்தே உள்ளே போயிருக்கலாம். இதை மட்டுமாவது இன்றைக்கே செய்துவிடுங்கள்.

டிரைவில் உள்ள பிழைகளைத் தேடித் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினேன். கேட்டதற்கெல்லாம் 'ஒய்' அழுத்தினேன், சரியாகிவிட்டது. அடுத்த கரண்ட் கட்டில் மறுபடியும் அதே கதை. இப்படி நான்கு முறை.

பென்டிரைவ் விற்ற கடைக்காரர், "கரண்ட் பொசுக்குனு போனா எல்லா பென்டிரைவும் அப்படித்தானுங்க தம்பி, ஃபார்மட் போட்டு ஓட்டுங்க" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பையில், மின்சாரம் போதுமான அளவு வருகிறதா என்று காட்டும் கெட்-த்ராட்டில்டு கட்டளையைக் கொடுத்தால் 0எக்ஸ்50000 என்று வந்தது. எழுந்ததிலிருந்து எப்போதோ வோல்டேஜ் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். பழைய போன் சார்ஜரில் ஓட்டியது என் தப்பு. 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கினேன், எண் பூஜ்யமானது. கூடவே ஒரு குட்டி யுபிஎஸ். அக்கா காளான் விற்ற காசு அது.

மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு சென்சார் மாற்றுவதற்காக நானே முறைப்படி ஷட்டவுன் செய்து, மறுபடி போட்டேன். எழவில்லை.

கொட்டகை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கரண்ட் போகவில்லை, வோல்டேஜ் குறையவில்லை, ஒழுங்காக நிறுத்திய கருவி இது. இந்த முறைதான் எஃப்எஸ்சிகே கேட்ட கேள்வியை நிதானமாகப் படித்தேன். ஜர்னல் (டிரைவில் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் இடம்) செல்லாது, அழிக்கட்டுமா என்கிறது. கடைசியில், ஜர்னலைப் புதிதாக உருவாக்கட்டுமா என்கிறது. நான்கு முறையும் இதே கேள்விக்குத்தான் படிக்காமல் ஒய் அழுத்தியிருக்கிறேன்.

லினக்ஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்யும்போது ஜர்னலை வழக்கமாக டிரைவின் நடுவாக்கில்தான் வைக்கும். 64 ஜிபி டிரைவில் நடு என்றால் 32 ஜிபி பக்கம். அந்த இடத்தில் எழுதுவது மட்டும் ஏன் தங்குவதில்லை என்று யோசித்தபோதுதான் பென்டிரைவ் மேலேயே சந்தேகம் வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, இருந்ததைக் காப்பி எடுத்துவிட்டு, புதிதாக ஃபார்மட் செய்து, டிரைவின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 மென்பொருளை ஓட்டினேன். எஃப்3ரைட் டிரைவ் முழுவதையும் நிரப்பும், எஃப்3ரீட் எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நிரப்பவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிவு: சரியாக இருப்பது 7.4 ஜிபி, தொலைந்தது 51 ஜிபி.

போலி. உள்ளே இருப்பது 8 ஜிபி சிப். அதை இயக்கும் கன்ட்ரோலர் மட்டும் 64 என்று பொய் சொல்கிறது. 8 ஜிபிக்கு மேல் எழுதுவதை வாங்கிக்கொண்டு, சரி என்று சொல்லி, கீழே போட்டுவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பையின் நினைவகத்தில் பிரதி இருப்பதால் ஒன்றும் தெரியாது. அணைத்துப் போட்டால்தான் வெளிப்படும். அதனால்தான் கரண்ட் கட் மேல் பழி விழுந்தது. நிரம்பாத டிரைவில் எப்படித் தொலையும் என்று கேட்காதீர்கள். எக்ஸ்ட்4 கோப்புறைகளை டிரைவ் நெடுகப் பரப்பித்தான் வைக்கும்.

லேப்டாப்போடு கடைக்குப் போனேன். "கம்ப்யூட்டர்ல 64 காட்டுதுங்களே" என்றார். அதே அட்டைப் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துத் தரச் சொல்லி, அவர் கண்முன்னாலேயே எஃப்3ப்ரோப் ஓட்டினேன். டிரைவில் இருப்பதை அழிக்கும் முறையில் ஓட்டினால் இது சில நிமிடத்தில் சொல்லிவிடும், காலி டிரைவில் மட்டும் செய்யுங்கள். அதுவும் போலி. ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பெட்டி மேசைக்கு அடியில் போனது.

வேறு இடத்தில் வாங்கிய 32 ஜிபி டிரைவை முதலில் எஃப்3-ல் முழுக்கச் சோதித்தேன். பிறகு பையில் செருகி, மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஒரு மாதமாக ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை யுபிஎஸ்ஸும் தீர்ந்து அணைந்திருக்கிறது, தானே எழுந்துவிட்டது.

ஏப்ரல், மே கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. கொட்டகைக்கு ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெயில் காலத்தில் எந்த நேரத்தில் இறங்குகிறது, எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று பார்க்கத்தான் அக்கா இதையே கேட்டிருந்தாள். அடுத்த கோடை வரை அவள் காத்திருக்க வேண்டும்.