ஆமையின் முகம்

யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் அந்த ஆமையைப் பார்த்தபோது நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம். வலையில் தவறிப்படுகிற கடலுயிர்களைப் பதிவுசெய்வதுதான் என் வேலை. என்ன இனம், என்ன வலை, எவ்வளவு நீளம், உயிரோடு இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘இறந்தது’ என்று எழுதியும் விட்டேன்.

மண்டைதீவுப் பக்கம் போட்ட திருக்கை வலையில் பட்ட பேராமை. ஓடு ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவு ஆமைக்கு வால் குட்டையாக இருந்தால் பெண். நாலு பேர் தூக்கிவந்து மணலில் மல்லாத்திப் போட்டிருந்தார்கள். கழுத்து தொங்கிக் கிடந்தது. கண்ணோரம் பசைபோல நீர் கட்டியிருந்தது. வலைக்குச் சொந்தக்காரரை ஊரில் எல்லாரும் அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த வலையைத் திரும்பியும் பாராமல் ஆமைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“அழுதிருக்குது பிள்ளை.”

நான் படித்ததைச் சொன்னேன். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்பில் மிஞ்சுகிற உப்பை அது வெளியே தள்ளுகிறது, நாங்கள் அதைப் பார்த்து அழுகை என்கிறோம் என்று. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப செத்தாப் பிறகும் உப்பு வருமோ?”

குனிந்து பார்த்தேன். அவர் விரலால் துடைத்த இடத்தில் மறுபடியும் நீர் கசிந்திருந்தது. இமையோரத்தை மெல்லத் தொட்டேன். மிக இலேசாக, இருந்தும் இல்லாததுபோல, அது சுருங்கியது.

ஆமை நுரையீரலால் மூச்சுவிடுகிற பிராணி. சும்மா ஓய்ந்து கிடக்கும்போது மணிக்கணக்கில் மூச்சடக்கும். வலையில் சிக்கித் திமிறும்போது உடம்பிலுள்ள ஒட்சிசன் விறுவிறென்று தீர்ந்து மயங்கிப்போகும். அப்படி மயங்கியதைச் செத்ததென்று நினைத்துக் கடலில் எறிந்தால் அது உண்மையாகவே செத்துவிடும். மல்லாத்தி வைக்கக்கூடாது. வயிறு கீழேயிருக்கக் குப்புறக் கிடத்தி, பின்பக்கத்தை 15 சென்ரிமீற்றராவது உயர்த்தி, நிழலில், ஈரச் சாக்கால் மூடி வைத்திருக்கவேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணி வடிய வேண்டும். 4 மணித்தியாலத்திலும் தெளியலாம், 24 மணித்தியாலமும் ஆகலாம். பயிற்சியில் எழுதி வைத்த இதையெல்லாம் அன்றைக்குத்தான் முதல்முறை செய்தேன். ஒரு பழைய ரயரை அண்டைகொடுத்துப் பின்பக்கத்தை உயர்த்தினோம். சாக்கை நானே நனைத்துப் போர்த்தேன், மேலிருந்து ஒரு படமும் எடுத்தேன்.

பிறகு கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டேன். இதை இன்றைக்கும் மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்பு போகவில்லை. விடிய விடிய வாளியில் தண்ணி அள்ளிச் சாக்கை நனைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். சாமம் தாண்டித்தான் முதல் மூச்சு வந்ததாம். “நாய் பெருமூச்சு விடுறமாதிரி” என்றார். காலையில் நான் போனபோது ஆமை தலையைத் தூக்கி வைத்திருந்தது.

“ராத்திரி முழுக்க என்ன அப்பு செய்தீங்கள்?”

“கதைச்சுக்கொண்டிருந்தனான். எங்கட அந்தோனியார் மீனுகளுக்கே பிரசங்கம் வைச்சவரெல்லோ.”

இன்னொன்றையும் அன்றைக்குச் சொன்னார். இளவயதில் அவரும் ஆமை வெட்டியவர். இப்போது ஆமையைப் பிடிப்பதும் கொல்வதும் இறைச்சியோ முட்டையோ வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். அந்தப் பயம் கரையில் எல்லாருக்கும் உண்டு. ஆனால் பயத்துக்காக ஒரு மனுஷன் இரவு முழுக்கக் கண்விழித்துத் தண்ணி ஊற்றமாட்டான். வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டோம். ஒரு வீச்சில் கீழே இறங்கியது. அப்பு வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அயர்லாந்தின் டிங்கிள் துறைமுகத்தில் ஃபங்கி என்றொரு ஓங்கில், அதாவது டொல்பின், 1983 முதல் 2020 வரை தனியே வாழ்ந்தது. படகுகளோடு கூடவே ஓடி வரும். அது காணாமற்போனபோது ஊரே துக்கப்பட்டது. 2018இல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் ஓர்க்கா என்கிற கறுப்பு வெள்ளைத் திமிங்கிலத் தாயொன்று, பிறந்தவுடன் செத்த குட்டியைப் பதினேழு நாள் தலையில் தாங்கிக்கொண்டு நீந்தியது. அதைத் துக்கம் என்று சொல்லலாமா என்று விஞ்ஞானிகள் வாதாடுகிறார்கள். ஓங்கிலும் ஓர்க்காவும் கூட்டமாக வாழ்கிற, பாலூட்டுகிற உயிர்கள். அவற்றின் பக்கத்திலிருந்தும் ஏதோ ஒன்று வருவதை நம்புவது எனக்குக் கடினமாக இல்லை. ஆமை அப்படியல்ல. முட்டையை மணலில் புதைத்துவிட்டுப் போகிற தாய் தன் குஞ்சையே அறியாது. அப்புவை அது நினைவு வைத்திருக்கும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பதிலுக்கு எதுவும் வராதென்று தெரிந்துகொண்டும் ஒருவர் இவ்வளவு கொடுத்ததைத்தான் நான் கண்டேன். ஹிக்கடுவையில் உல்லாசப் பயணிகள் பாசியைக் கையில் வைத்து ஆமைகளுக்கு ஊட்டித் தடவிப் படமெடுக்கிறார்கள். அதில் அன்பு இருக்கலாம். ஆனால் மனிதருக்கும் படகுக்கும் பழகிப்போன ஆமைதான் படகு இஞ்சினின் விசிறியில் அடிபடும். அப்பு தன் ஆமையை விட்டபிறகு தொட ஆசைப்படவேயில்லை.

ஒரு வருஷம் கழித்து அழைத்தார். மண்டைதீவுப் பக்கத்துச் சாதாளைக்குள், அதாவது கடற்புல்லுக்குள், ஒரு பேராமை மேய்கிறதாம், ஓட்டின் பின்விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறதாம். “எங்கட ஆள்தான் பிள்ளை. உன்ரை படத்திலை பார்த்துச் சொல்லு.”

எடுத்துப் பார்த்தேன். படத்தில் பின்விளிம்பு இல்லை. நான் போர்த்த சாக்குத்தான் இருந்தது. ஆமையை அடையாளம் காண ஓட்டைவிட முகம் நல்லது. கண்ணுக்குப் பின்னால் உள்ள செதில்களின் ஒழுங்கு ஒவ்வொரு ஆமைக்கும் வேறு, இடக் கன்னத்தில் இருப்பது வலக் கன்னத்தில் இல்லை. அந்த முகத்துக்கு அரை முழத்தில் நின்றும் அதைப் படம் பிடிக்கத் தோன்றவில்லை எனக்கு. படிவத்திலும் அதற்கு இடமிருக்கவில்லை. இப்போதெல்லாம் உயிரோ பிணமோ, ஒவ்வொரு ஆமையின் இரண்டு கன்னத்தையும் எடுத்துத் திகதியோடு வைத்துக்கொள்கிறேன்.

அப்புவிடம் உண்மையைச் சொன்னேன். அது அவள்தானா என்று என்னால் சொல்ல முடியாது, இனி ஒருபோதும் முடியாது. மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை.

“பரவாயில்லை பிள்ளை,” என்றார். “ஆரா இருந்தாலும், அந்தச் சாதாளை வந்தவுடனை நான் இஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கம்பாலை தாங்கித்தான் போறனான்.”