13 வருஷம் கழித்து அருந்ததி

எங்கள் கல்யாணம் காலை ஒன்பதரை முகூர்த்தம். அம்மி மிதித்து முடித்ததும் ஐயர் எங்களை மண்டப வாசலுக்குக் கூட்டிப் போய், வானத்தை நோக்கிக் கையை நீட்டி, "அருந்ததி தெரியுதா?" என்றார். சுள்ளென்று வெயில். "தெரியுது" என்றேன். உள்ளே பந்திக்கு இலை போட்டாகிவிட்டது, வேறென்ன சொல்ல?

இந்த மே மாதம் மணப்பாறைக்குப் பக்கத்தில் மாமனார் ஊருக்குப் போனபோது, அந்தப் பொய்யை நேர் செய்துவிடலாம் என்று தோன்றியது. அமாவாசைக்கு முந்தின ராத்திரி. ஒன்பது மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மொட்டை மாடியில் பாய் விரித்தேன். "இருபது நிமிஷம் யாரும் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது. கண்ணு இருட்டுக்குப் பழகணும்."

பதினைந்தாவது நிமிடம் மாமனார் டார்ச்சோடு ஏறி வந்து, நேராக என் முகத்தில் அடித்து, "மாப்பிள்ளை, கரண்டு போயிருச்சா?" என்றார். மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை மனைவியின் போனில் யாரோ ரோஜாப்பூ வைத்து குட் நைட் அனுப்பினார்கள்.

சரி, பழகின வரைக்கும் போதும் என்று வடக்கே காட்டினேன். சப்தரிஷி மண்டலம் நல்ல உயரத்தில் இருந்தது. நாலு நட்சத்திரம் ஒரு கட்டம், மூணு அதற்கு வால். புத்தகத்தில் கரடி என்று போட்டிருப்பார்கள். கரடியை நான் இன்றுவரை கண்டதில்லை. குழம்புக் கரண்டி என்றதும் அத்தைக்குப் பிடிபட்டுவிட்டது. கரண்டிக் காம்பின் வளைவை அப்படியே இழுத்துக்கொண்டு போனால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி. இன்னும் தள்ளி, வெள்ளையாகச் சித்திரை.

"என் நட்சத்திரம்!" என்று அத்தை எழுந்து உட்கார்ந்தார். 68 வருஷமாக அர்ச்சனைத் தட்டோடு பேர் மட்டும் சொல்லி வந்தவர், அன்றுதான் நேரில் பார்க்கிறார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பிச் சுமார் 250 வருஷம் ஆகிறது, அப்போது கட்டபொம்மன் சின்னப் பையன் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்பா, இன்னொரு சித்திரை நகருது" என்றான் மகன். அது திருச்சியில் இறங்கப் போகும் விமானம்.

அப்புறம் அருந்ததி. காம்பின் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டியே மங்கலாக இந்த அம்மாள். இரண்டு பேருக்கும் நடுவே முழு நிலாவின் அகலத்தில் பாதிகூட இடைவெளி கிடையாது. நேராக முறைத்தால் தெரியாவிட்டால் கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும் என்று வகுப்பெடுத்தேன்.

"ரெண்டு இருக்கு" என்றான் மகன், ஓரக்கண் எதுவும் இல்லாமல். மனைவியும் ஆமாம் என்றாள். அத்தைக்குப் போன வருஷம்தான் கண்புரை ஆபரேஷன். அவரும், "அட, குட்டியா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கே!" என்றார்.

எனக்கு மட்டும் ஒரே ஒரு வசிஷ்டர், அவரும் பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி. நான் மூக்குக்கண்ணாடி மாற்றி நாலு வருஷம் ஆகிறது.

"உங்களுக்குத் தெரியுதா?" என்றாள் மனைவி.

"தெரியுது."

"மண்டபத்துலயும் இதே குரல்லதான் சொன்னீங்க."