சட்டப் படிப்பும் எட்டு வருடச் செலவும்

மகள் சட்டம் படிக்கப் போகிறேன் என்றதும் தெருவில் எல்லோரும் கேட்டது "எந்தக் காலேஜ்?" வீட்டில் இவர் கேட்டது "ஃபீஸ் எவ்வளவு?" சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டில் அப்படித்தான் கேட்பார்கள். பட்டறைக் கணக்கு எழுதுவது நான். அதனால் விசாரிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

எங்கள் சொந்தத்தில் வக்கீல் யாரும் இல்லை. கோர்ட் பழக்கமெல்லாம் ஒரே ஒரு செக் ரிட்டர்ன் கேஸ். சரக்கு எடுத்த வியாபாரி கொடுத்த செக் திரும்பி வந்ததில், அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக நடந்தோம். எங்கள் வக்கீலிடம் ஒரு பெண் ஜூனியர். மடி நிறையக் கேஸ் கட்டு. ஒரு கட்டின் நாடாவைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டபடியே அடுத்த கட்டில் தேதி குறிப்பாள். வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன்.

"மாசம் எவ்வளவுங்க தர்றாங்க?"

"சீனியர் நல்லவருக்கா. பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் குறை வைக்க மாட்டார்."

"மத்த செலவுக்கு?"

"அதான் அப்பா இருக்காரே."

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன்: இது ஐந்து வருடச் செலவு இல்லை, ஜூனியராக இருக்கும் மூன்று வருடமும் சேர்த்து எட்டு வருடச் செலவு.

சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய், சென்னை, மதுரை, கோவை என்றால் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நல்ல உத்தரவுதான். ஆனால் சீனியரிடம் போய் உத்தரவைக் காட்டிக் காசு கேட்கும் ஜூனியரை நான் பார்க்கவில்லை. படித்து முடித்ததும் நீதிபதித் தேர்வு எழுதிவிடலாம் என்று மகள் கனவு கண்டிருந்தாள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆக, எந்த வழியில் போனாலும் அந்த மூன்று வருடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஒரே ஆறுதல், வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம். மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை, சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் (எஸ்.சி., எஸ்.டி. என்றால் 125) வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அப்புறம் வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் அகில இந்தியத் தேர்வு ஒன்று உண்டு. அதையும் பாஸ் செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கல்லூரிகளைப் பார்த்தோம். திருச்சியில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் பிளஸ் டூ பொதுத் தேர்வுக்குச் சில மாதம் முன்னால், டிசம்பரில். கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு லட்சங்களில் போகும். பெரிய கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் சட்ட நிறுவனங்களுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு அந்தப் பணம் தகும். என் மகளுக்குச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அஸ்தம்பட்டியில் சாட்சி தமிழில்தான் பேசுவார்.

அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாகப் போனால் நுழைவுத் தேர்வே இல்லை, பிளஸ் டூ மார்க்தான். சென்னையில் அவர்களே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளிக்கு கட்ஆஃப் அதிகம். மாவட்டங்களில் அரசுச் சட்டக் கல்லூரிகள். சேலத்துக்கு 2019இல் ஒன்று வந்தது. கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டத்துக்கும் உண்டு என்பது எங்கள் பட்டறையில் பற்றவைக்கும் அண்ணனுக்குத் தெரியவே தெரியாது. சொன்னதும் தன் பையனுக்காக ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஒரு தனியார் கல்லூரிக்கும் போனோம். வழவழப்பான புத்தகம், குளிரூட்டிய நூலகம், காபி. "போன வருஷம் முடிச்சவங்கள்ல எத்தனை பேர் வக்கீலா பதிவு பண்ணியிருக்காங்க?" என்று கேட்டேன். அட்மிஷன் பார்க்கும் தம்பி சிரித்துக்கொண்டே விடுதி மெனுவைக் காட்டினார். வெள்ளிக் கட்டி வாங்கினால் மூலையில் துளி வெட்டி டச், அதாவது சுத்தம், பார்ப்போமே, எனக்கு அந்தக் கேள்வி அப்படி. பதில் வராத இடத்தில் கட்டி எவ்வளவு மின்னினால் என்ன?

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: இன்டர்ன்ஷிப்புக்கு யாரிடம் அனுப்புகிறீர்கள்? ஐந்து வருடப் படிப்பில் குறைந்தது 20 வாரம் போயாக வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. கையெழுத்து வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் இடங்களும் இருக்கின்றன. உள்ளூரில் படித்தால் லீவு விட்டதும் கோர்ட்டுக்குப் பஸ் ஏறிவிடலாம். ராஜாஜி 1900இல் வக்கீல் தொழில் தொடங்கியது இதே சேலத்தில்தான் என்று வேறு இவர் எடுத்துவிட்டார். அவர் சட்டம் படித்தது சென்னையில் என்று மகள் உடனே மடக்கினாள். வக்கீலாகத்தான் போவாள் போல.

கடைசியில் மகளோடு பேசி முடித்தது இது. முதல் விருப்பம் சென்னைச் சட்டப் பள்ளி; கட்ஆஃப் எட்டாவிட்டால் சேலம் அரசுக் கல்லூரி. லட்சங்களில் போகும் இடங்களுக்கு விண்ணப்பமே போடவில்லை. அங்கே கட்டியிருக்க வேண்டிய பணத்தில் ஒரு பங்கை மாதாமாதம் அவள் பெயரில் போட்டு வருகிறேன், ஜூனியராக இருக்கும் மூன்று வருடத்துக்கு. ஸ்கூட்டி வாங்க அதிலிருந்து எடுக்கலாமா என்று நேற்றே ஒரு மனு வந்தது. வாய்தா போட்டிருக்கிறேன்.