வெடிமருந்து கலந்த மண்ணைக் களத்திலேயே சோதித்த அனுபவம்

அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெடிமருந்து ஆலை ஒன்றின் நிலத்தைச் சுத்தம் செய்யும் குழுவில் வேலை பார்த்தேன். குண்டு கழுவிய தண்ணீரை அந்தக் காலத்தில் வெறும் மண்குழியில் விட்டிருக்கிறார்கள். அதிலிருந்த டி.என்.டி வெடிமருந்து இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஆர்.டி.எக்ஸ் என்ற இன்னொரு வெடிமருந்து அப்படி மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காது, மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். மாசசூசெட்ஸின் கேம்ப் எட்வர்ட்ஸ் ராணுவப் பயிற்சி முகாமில் 1997இல் குண்டுப் பயிற்சிகளை நிறுத்தியதே குடிநீரை நினைத்துத்தான்.

முதலில் பாதுகாப்பு. எடையில் 10 சதவீதத்துக்கு மேல் வெடிமருந்து இருந்தால் அந்த மண்ணே வெடிக்கக்கூடும் என்று வைத்துக்கொள்வார்கள். அதனால் கட்டிகளை இடிப்பது, அரைப்பது எதுவும் கிடையாது.

தோண்டும் இயந்திரம் காத்து நிற்கும்போது லேப் முடிவுக்காக வாரக்கணக்கில் உட்கார முடியாது. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தின் தாமஸ் ஜென்கின்ஸ் குழுவினர் 1990 வாக்கில் உருவாக்கிய நிறச் சோதனைதான் அங்கே கைகொடுத்தது. 20 கிராம் மண்ணில் 100 மில்லி அசிட்டோன் ஊற்றி, 3 நிமிடம் குலுக்கி வடிகட்ட வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைட்டும் சேர்த்தால், டி.என்.டி உள்ள சாறு கண்ணெதிரே சிவக்கும். மட்கு அதிகமுள்ள மண் முதலிலேயே மஞ்சளாக வடியும். ஆகவே அந்த ரசாயனங்களைச் சேர்ப்பதற்கு முன்பே 540 நானோமீட்டர் ஒளியில் நிறத்தை ஒருமுறை அளந்து, பிறகு வரும் அளவிலிருந்து அதைக் கழித்துவிடுவோம்.

ஆர்.டி.எக்ஸுக்குத் துத்தநாகத் தூளும் அசிட்டிக் அமிலமும் வேண்டும். கடைசியில் ரோஸ் நிறம் வரும். உர நைட்ரேட்டும் அதே நிறத்தைக் காட்டும் என்பதால், சாற்றை முதலில் நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் வழியாக விட்டாக வேண்டும். சுற்றிலும் சோளக்காடு, அதனால் இந்தப் படியை நாங்கள் ஒருநாளும் விட்டதில்லை.

இதெல்லாம் பழகினால் வந்துவிடும். உண்மையான சவால் மண்ணை எடுப்பதுதான். டி.என்.டி மண்ணில் சீராகப் பரவியிருக்காது, துணுக்குத் துணுக்காகக் கிடக்கும். ஒரு மீட்டர் வட்டத்துக்குள்ளேயே ஒரு சாம்பிள் ரத்தச் சிவப்பு, அடுத்தது நிறமே இல்லை. இரண்டும் சரியான முடிவுகள்தான்! ஒரே ஒரு கரண்டி மண்ணை எடுத்து ‘இங்கே சுத்தம்’ என்று எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன், அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போவது யாரோ ஒருவர். நாங்கள் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் முப்பது இடங்களுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்துதான் சோதித்தோம்.

சிவந்த கட்டங்களுக்குக் கொடி நட்டதும் அன்றே தோண்டல் தொடங்கியது. நிறம் வராத கட்டங்களின் மண்ணை, வெளிச்சம் பட்டால் டி.என்.டி சிதையும் என்பதால், பழுப்புப் பாட்டிலில் ஐஸ் வைத்து லேபுக்கு அனுப்பினோம். அங்கிருந்து எண் வரும்வரை அந்தக் கட்டங்களை யாரும் மூடவில்லை.