ஸ்காண்டிநேவியா நாட்குறிப்பு: ஏறும் கரை, இறங்கும் ஊர்

ஜூன் 12, ஸ்கூலே மலை

சுவீடனின் கிழக்குக் கரை. மலை என்று சொன்னாலும் உயரம் 295 மீட்டர்தான். ஆனால் மரம் உச்சியில் அடர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே வழித்தெடுத்தது போல மொட்டைப் பாறை. வழக்கமாகத் தலைகீழாகத்தானே இருக்கும்?

பனி உருகி விலகிய காலத்தில் இந்த உச்சி மட்டும் சிறு தீவாகக் கடலுக்கு மேலே நின்றிருக்கிறது. அலை எட்டிய இடத்தில் மண்ணெல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டது. எட்டாத இடத்தில் பனி விட்டுச்சென்ற மண் தங்கி, காடு பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய கரைக்கோடு இன்று கடலிலிருந்து சுமார் 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். கடல் எங்கோ கீழே.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே 3 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி கிடந்தது. அந்தக் கனத்தில் நிலத்தின் மேலோடு அமுங்கி, அடியில் இருந்த சூடான பாறை மெல்ல மெல்லக் குழைந்து பக்கவாட்டில் ஒதுங்கியது. பனி போய் பத்தாயிரம் ஆண்டு ஆகிறது. ஒதுங்கியது இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் நிலம் ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 13, லூலியோ

8 மில்லிமீட்டர் என்றால் அலட்சியமாகத் தோன்றும். பழைய லூலியோவைப் பார்த்தால் தோன்றாது. துறைமுகம் ஆழம் குறைந்து கப்பல் வர முடியாமல் போனதால், 1649இல் ஊரையே கடலை நோக்கிப் பத்து கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டார்கள். பழைய இடத்தில் கல் தேவாலயமும், அதைச் சுற்றி 400க்கும் மேற்பட்ட சிவப்பு மரக்குடில்களும் அப்படியே நிற்கின்றன.

வெப்பநிலை அளவுக்குப் பெயர் தந்த செல்சியஸ், 1731இல் யெவ்லே நகருக்கு அருகே ஒரு தீவுப் பாறையில் கடல்மட்டத்தைச் செதுக்கி வைத்தார். தண்ணீர் வற்றுகிறது என்பது அவர் முடிவு. ஏறுவது நிலம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். காரணம் பிசகினாலும், அளந்து பார்க்க வேண்டும் என்று கல்லில் குறி வைத்தாரே, அதுதான் பெரிது.

ஜூன் 15, கிரூனா

இங்கே கதை வேறு. நிலம் இறங்குகிறது.

ஏறத்தாழ 190 கோடி ஆண்டு பழமையான இரும்புத் தாது, சாய்ந்த பலகை போல ஊருக்கு அடியில் இறங்குகிறது. நீளம் நாலு கிலோமீட்டர். தாதுவை எடுக்க எடுக்க மேலுள்ள பாறை உடைந்து சரிகிறது. விரிசல் ஊரை நோக்கி வருகிறது. அதனால் ஊரை இடம் மாற்றுகிறார்கள். 1912இல் கட்டிய மரத் தேவாலயத்தை, 672 டன் எடையோடு, 2025 ஆகஸ்டில் இரண்டு நாளில் 5 கிலோமீட்டர் உருட்டிச் சென்றார்கள். தொலைக்காட்சியில் நேரலை வேறு. எல்லோரும் வியந்தார்கள். எனக்கென்னவோ, அந்த ஆரவாரத்தில் இடிபட்ட சாதாரண வீடுகளைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போனது போலிருந்தது.

ராத்திரி பன்னிரண்டுக்கும் வெயில். தூக்கம் வரவில்லை.

ஜூன் 16, அபிஸ்கோ

மழை. ரயில் நிலையத்திலேயே பாதி நாள் போனது. சுற்றியுள்ள மலைகளில் பழைய பாறை மேலேயும் இளைய பாறை கீழேயும் கிடக்கின்றன. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஐயாபெட்டஸ் என்ற பழங்காலக் கடல் மூடி, இரு கண்டங்கள் மோதியபோது, பாறை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளப்பட்டன. 1888இல் சுவீடன் புவியியலாளர் டோர்னபோம் இதைச் சொன்னபோது பலரும் நம்பவில்லையாம். ஸ்காட்லாந்து மலைகளும் அமெரிக்காவின் அப்பலாச்சியனும் இதே வகையறா.

ஜூன் 17, நார்விக்

நார்வேக் கரை. கிரூனாத் தாது கப்பலேறும் இடம். சுவீடன் பக்கத்துப் பால்டிக் கடலின் வடக்கு மூலை குளிர்காலத்தில் உறைந்துவிடும். இங்கே அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் வருவதால் உறைவதில்லை. அதற்காகவே 1902இல் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டு முடித்தார்கள்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்த அண்ணா ஒருவரைக் கடையில் சந்தித்தேன். "தம்பி, கடல் உறையாது, நாங்கள்தான் உறைஞ்சுபோவம்" என்றார். நாளைக்கு ஃபியோர்டைப் படகில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். 500 மீட்டருக்கு மேல் ஆழம். பனியாறு குடைந்த பள்ளம். கம்பளிச் சட்டை இரண்டு எடுத்துவரச் சொன்னார்.