ஒரு தண்ணிக்கான தண்ணீர்

அன்று நான் சொன்னது சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அது மனதைவிட்டுப் போகவில்லை.

புழுதியில் விதைத்த மானாவாரி நெல், அண்ணா ஆர் 4 ரகம். தூர் கட்டுகிற, அதாவது அடியிலிருந்து பக்கத்தண்டுகள் வெடிக்கிற நேரத்தில் மழை விட்டுப்போனது. பண்ணைக்குட்டையில் ஒரு தண்ணிக்குத்தான், அதாவது ஒருமுறை பாய்ச்சத்தான் இருந்தது. காலை பத்து மணிக்கே இலைகள் சுருண்டு நிற்பதைக் காட்டி, நான் அண்ணன் என்று கூப்பிடும் அந்த வயல்காரர் கேட்டார்: "இன்னைக்கு விடவா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி."

"சாயங்காலம் இலை விரியுதாண்ணே?"

"விரியுது."

"அப்ப இப்ப விடாதீங்க. பொதி கட்டும்போது விடலாம்."

பொதி என்பது கதிர் வெளியே வருமுன் தண்டுக்குள் புடைத்து நிற்கும் பருவம். இதைச் சும்மா சொல்லவில்லை. மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது இலைத்துளைகளின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களில் இருந்து பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்கிறது. வெயில் படும் பரப்பும் குறையட்டும் என்று இலை சுருள்கிறது. மாலையில் விரிந்துவிட்டால் பயிர் இன்னும் தாங்குகிறது என்று பொருள். விடிகாலையிலும் சுருண்டே கிடந்தால்தான் பயப்பட வேண்டும்.

பொதிப் பருவம் அப்படியல்ல. பூப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, மகரந்தம் உருவாகும்போது வறட்சி வந்தால், இலையைக் காப்பாற்றிய அதே ஹார்மோன் மகரந்தப் பைகளிலும் கூடிவிடுகிறது. அங்கே போய்ச் சேரவேண்டிய சர்க்கரை தடைபட்டு மகரந்தம் மலடாகிறது. கதிர் வெளியே வரும், நெல் இருக்காது, பதர்தான். தூர் குறைந்தால் கதிரில் மணி கூடி ஓரளவு ஈடுகட்டும். மகரந்தம் போனால் ஈடுகட்ட எதுவும் இல்லை. கையில் ஒரே ஒரு தண்ணி இருக்கும்போது அதை எங்கே வைப்பது? இன்று கேட்டாலும் பொதிக்கு என்றுதான் சொல்வேன்.

ஆனால் நடந்தது வேறு. பொதி கட்டும் முன்பே நல்ல மழை பெய்துவிட்டது. குட்டைத் தண்ணீர் தேவைப்படவே இல்லை. அறுப்புக்கு முன் வயலைப் பார்த்தபோது தூர் இளைத்துத்தான் இருந்தது. "அன்னைக்கே விட்டிருந்தா இன்னும் நாலு தூர் கட்டியிருக்குமோ தம்பி?" என்று கேட்டார். குறை சொல்லும் குரல் இல்லை. அதுதான் உறுத்துகிறது. "மழை வரும்னு யாருக்குண்ணே தெரியும்" என்றேன். உண்மைதான், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலா?

யோசித்துப் பார்த்தால், இலைத்துளை மூடும்போது தண்ணீர் மட்டும் நிற்பதில்லை. கரியமில வாயு உள்ளே வருவதும் அதே வழியில்தான். செடி உயிரோடு இருக்கிறது, ஆனால் பட்டினி கிடக்கிறது. அந்த ஹார்மோனின் வேலை செடியைப் பிழைக்கவைப்பது. அண்ணனுக்கு வேண்டியது வீட்டுக்கு வரும் நெல். இரண்டும் எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை. பயிர் தாங்கும் என்று அன்று அவ்வளவு உறுதியாகச் சொன்னபோது நான் யார் பக்கம் நின்றேன்?

அப்புறம் இன்னொன்று. அன்றே மெத்தைலோபாக்டீரியா கரைசலை லிட்டருக்கு 10 மில்லி கலந்து அடிக்கவும் சொல்லியிருந்தேன். வறட்சிக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்வது. அந்த நுண்ணுயிரி சைட்டோகைனின், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்கள் இரண்டையும் தருகிறது. சைட்டோகைனின் இலையைப் பழுக்கவிடாமல் பச்சையாக வைக்கும். கலிபோர்னியாவின் டேவிஸில் 2007-ல் வறட்சியின்போது சைட்டோகைனின் கூடும்படி மாற்றிய புகையிலைச் செடிகள் குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடித்தன. ஆனால் பல இடங்களில் சைட்டோகைனினும் அப்சிசிக் அமிலமும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. ஒரே பயிரிடம் அடக்கிக்கொள் என்றும், நிறுத்தாதே என்றும் ஒரே நாளில் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. அந்த வயலில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை; தெளிக்காத பாத்தி ஒன்றை ஒப்பிட விட்டுவைக்கும் நிலையில் அவரும் இல்லை.

அடுத்த ஆண்டும் தூர் கட்டும்போது மழை நின்றது. இந்த முறை அவர் என்னிடம் கேட்கவில்லை. பாதித் தண்ணீரை உடனே பாய்ச்சிவிட்டு மீதியைப் பொதிக்கு வைத்துக்கொண்டார். அரைத் தண்ணி மேல்மண்ணை நனைத்து ஆவியாகிவிடும், வேருக்கு எட்டாது என்றுதான் மற்ற இடங்களில் சொல்லிவருகிறேன். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.