இரண்டு மணிக்கு அந்தி

கண் விழித்தபோது வெளியே கும்மிருட்டு. விடிய இன்னும் நேரம் இருக்கிறது என்று போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டேன். அண்ணன் மகள்தான் வந்து எழுப்பினாள்.

"சித்தப்பா, மணி ஒன்பதரை."

ஜன்னலைப் பார்த்தேன். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கீழே ஒரு பெண்மணி, மூட்டையாகப் பொதிந்த குழந்தையைச் சறுக்குப் பலகையில் உட்காரவைத்துக் கயிற்றால் இழுத்துக்கொண்டு போனார். ஊர் எழுந்து வெகுநேரமாகியிருந்தது. சூரியனுக்கும் எனக்கும்தான் இன்னும் விடியவில்லை.

பின்லாந்தின் ஔலு நகரத்தில் என் முதல் காலை அது. ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே சுமார் 600 கிலோமீட்டர். ரயிலில் ஆறு மணி நேரம். அண்ணன் மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "கோடையில் வாருங்கள்" என்றுதான் அழைத்தாள். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததென்று டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டிப் போய் இறங்கியது என் சாமர்த்தியம்.

அந்த நாட்களில் அங்கே சூரியன் காலை பத்தரை வாக்கில் உதிக்கிறது. இரண்டு மணி தாண்டியதும் மறைந்துவிடுகிறது. உதிப்பது என்பதே பெரிய வார்த்தை. கையை நீட்டி ஒரு விரலை அடிவானத்தின்மேல் படுக்கவைத்தால், உச்சிப் பொழுதிலும் அந்த விரலின் பருமன் அளவுக்குத்தான் ஏறும். அதையும் மரங்கள் மறைத்துக்கொள்ளும். ஆறு நாளில் முழு வட்டமாகச் சூரியனைப் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் பஸ்ஸுக்குள்ளிருந்து. இன்னும் வடக்கே, நார்வே எல்லையோரம் இருக்கும் உத்ஸ்யோக்கியில் சுமார் 50 நாள் சூரியன் தலைகாட்டுவதே இல்லை. அந்தக் காலத்துக்கு அவர்கள் மொழியில் தனிப் பெயரே உண்டு: காமோஸ்.

குளிருக்கு மாதக்கணக்கில் தயாரானவன் நான். இருட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. மூன்று மணிக்கே வயிறு இரவுச் சாப்பாட்டைத் தேடியது. ஐந்து மணிக்குப் படுக்கலாமா என்று கேட்டு அவளைச் சிரிக்கவைத்தேன். ஆனால் அந்த இருட்டு நம் ஊரில் மின்சாரம் போனால் வருகிற இருட்டு மாதிரி இல்லை. சூரியன் இறங்கிய பிறகு ஒரு மணி நேரத்துக்குப் பனி, மரம், கூரை எல்லாம் நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி ஆகிவிடுகின்றன. அதற்குப் பிறகும் தெருவிளக்கின் வெளிச்சத்தைப் பனி வாங்கித் திருப்பித் தருவதால் வழி தெரிகிறது.

உடை விஷயத்தில் என் ஏற்பாடுகள் எல்லாம் வீண். பெட்டியைத் திறந்ததும் பருத்தி பனியன்களை ஓரமாக எடுத்துவைத்துவிட்டாள். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்குமாம். அந்த ஈரம்தான் ஆளை உறையவைக்கும். உடம்பை ஒட்டிக் கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி, காற்றைத் தடுக்க வெளியே ஒரு கோட்டு. கையுறையிலும் ஐந்து விரலுக்கு ஐந்து அறை கூடாது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் சூடு தங்கும் என்று, தன்னுடைய சிவப்புக் கம்பளிப் பை மாதிரியான கையுறைகளைக் கொடுத்தாள். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுபோன குரங்குக் குல்லாவுக்கு மட்டும் தடை இல்லை.

இதையெல்லாம் மாட்டிக்கொள்ளக் கால் மணி நேரம். கடைக்குள் நுழைந்தால் 21 டிகிரி வெப்பம், வியர்த்துக் கொட்டும். மறுபடி கழற்ற வேண்டும். வீட்டுக்குள் வந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறார்கள். அதுவரை பார்த்ததில் எனக்குப் பழகிய ஒரே காரியம்.

மைனஸ் 23 டிகிரியில் முதலில் தெரிவது மூக்கு. மூச்சை இழுத்தால் உள்ளேயிருக்கும் மயிர் விறைத்துக்கொண்டு ஊசி குத்துவதுபோல் இருக்கும். அடுத்தது ஓசை. காலடியில் பனி, ஈரக் கையால் பலூனைத் தேய்த்த மாதிரி கிறீச்சிடுகிறது. நடைபாதைகளில் கருங்கல் பொடி தூவியிருக்கிறார்கள், வழுக்காமல் இருக்க. அப்படியும் முதல் நாளே விழுந்தேன். எழுபது வயதுக்குக் குறையாத ஒரு பாட்டியம்மா, நின்று தள்ளுகிற உதைசறுக்கு வண்டியில் மளிகைப் பையை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்த்து, நான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்ததும் போய்விட்டார். இந்தக் குளிரில் சைக்கிள் வேறு ஓட்டுகிறார்கள். சைக்கிள் பாதைகளில் பனியை வழிப்பதில் ஔலு பெயர் வாங்கிய ஊர். ஒவ்வொருவர் கோட்டிலும் ஒளி பட்டால் மின்னுகிற சிறு பட்டை தொங்குகிறது. இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

மூன்றாம் நாள் சௌனா, அவர்களுடைய நீராவிக் குளியல் அறை. 55 லட்சம் பேர் இருக்கிற நாட்டில் சுமார் 30 லட்சம் சௌனாக்கள் என்கிறார்கள். 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. அவள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் பொதுவாக ஒன்று இருந்தது, முறைவைத்துக் கொள்ளலாம். ஆண்கள் தனி, பெண்கள் தனி. உள்ளே யாரும் எதுவும் உடுத்துவதில்லை. நான் குற்றாலத்துத் துண்டோடு போனேன். மேல்பலகையில் உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 80 டிகிரி. அவர் அகப்பையில் தண்ணீர் மொண்டு, காய்ந்த கற்களின்மேல் ஊற்றினார். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்று ஓர் ஓசை. இரண்டு நொடி கழித்து ஆவி வந்து காதையும் தோளையும் பிடித்தது. அந்த ஆவிக்கு லொய்லு என்று பெயர். "நல்லதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டினேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் இருவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அங்கே யாருக்கும் சங்கடமில்லை. வெளியே வந்து வெறும் உடம்போடு பனியில் நின்றோம். உடம்பிலிருந்து புகை எழுந்தது, குளிர் தெரியவே இல்லை. ஒரு நிமிடத்துக்குப் பிறகு நன்றாகவே தெரிந்தது.

அவர்கள் மொழியைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். படம், பாடம், பட்டம் சொல்லி வளர்ந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்? தலோ வீடு, தலோஸ்ஸா வீட்டில், தலோஸ்தா வீட்டிலிருந்து. நம் வேற்றுமை உருபுகள் மாதிரியே பின்னால் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு மொழிக்கும் உறவு என்று கிளம்ப நான் தயாரில்லை. ஆனால் சிந்துவெளி எழுத்தின் மொழி திராவிடமாக இருக்கலாம் என்று பல ஆண்டுகள் ஆய்ந்த அஸ்கோ பர்ப்போலா ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் என்பதும், 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் அவருக்கு விருது கொடுத்தார்கள் என்பதும் அந்த ஊரில் நடக்கும்போது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் பால் விட்டுக் குழைத்த அரிசிக் கஞ்சி, மேலே சர்க்கரையும் பட்டைப் பொடியும். பானைக்குள் ஒரே ஒரு பாதாம் பருப்பு போட்டிருப்பார்கள். யார் தட்டில் விழுகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். அவள் தட்டில் விழுந்தது. பிற்பகலில் கடைகள் எல்லாம் அடைத்துவிட்டார்கள். தெருவில் ஆளே இல்லை. "எல்லாரும் எங்கே?" என்றேன். இன்டியோ கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள்.

அங்கேதான் இருந்தது ஊர். குடும்பம் குடும்பமாக, தாழ்ந்த குரலில். கல்லறைக்கு ஒரு மெழுகுவத்தி, சிலவற்றுக்கு மூன்று நான்கு. பனியை உள்ளங்கையால் குழித்து, காற்றுப் படாமல் உள்ளே வைக்கிறார்கள். அதனால் சுடர் தெரிவதில்லை, பனிக்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் மட்டும் கசிகிறது. மரங்களுக்கிடையே கண்ணுக்கெட்டிய தூரம்வரை இதே. எனக்குத் திருக்கார்த்திகை நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே வெடிச்சத்தம் இல்லை, பனி கிறீச்சிடும் ஓசை மட்டும். ஒரு சிறுவன் தன் பெட்டியில் மிஞ்சிய மெழுகுவத்தியை எங்கே வைப்பது என்று தேடி, விளக்கில்லாத ஒரு பழைய கல்லின் முன் மண்டியிட்டான். அவன் அப்பா தீக்குச்சியைக் கிழித்தார். மூன்றாவது குச்சிதான் பற்றியது.

அந்த வெளிச்சத்தைப் படமெடுக்க வலது கையுறையைக் கழற்றினேன். இரண்டு படம் எடுப்பதற்குள் குளிரில் கைபேசி செத்துவிட்டது. கையுறை எங்கே விழுந்ததோ, வீடு சேரும்வரை கவனிக்கவில்லை.

வடதுருவ ஒளி பார்த்தாயா என்றுதான் ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. ஆறு இரவும் மேகம். அங்கே அதற்கு 'நரி நெருப்பு' என்று பெயர்; நரி வாலால் பனியை வீசி வானத்தில் பொறி பறக்கவிடுகிறதாம். எங்களுக்கு நரி வரவில்லை.

கிளம்பும் நாள் காலை, பஸ் நிறுத்தத்துக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் வேலியோரமாகப் போனோம். பனி வழிக்கும் வண்டிக்குச் சாலையின் ஓரம் தெரிவதற்காக நட்டுவைத்த கழிகளில் ஒன்றின் உச்சியில், சிவப்பாக என் கையுறை. கண்டெடுத்தவர் யாரோ மாட்டிவைத்திருக்கிறார். அங்கே அதுதான் வழக்கம் என்றாள். கழற்றி எடுத்தேன்; அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. விரல் நுழையவில்லை. பஸ்ஸில் ஹெல்சிங்கி ரயிலுக்குப் போகும்வரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன், அது இளகட்டும் என்று.